சப்பாத்திக்கள்ளி

சங்கத் தமிழில் கள்ளி என்பது ஒடித்தால் பால் வடியும் செடி. அமெரிக்காவிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளியில் பாலே கிடையாது. முள்ளைப் பார்த்துப் பெயர் தாவிவிட்டது. 'சப்பாத்துக்கள்ளி' என்றும் சொல்வதுண்டு. சப்பாத்து, போர்த்துகீசியர் தந்த செருப்பு. சப்பாத்தி என்னும் ரொட்டி பெயருக்குள் பிற்பாடு நுழைந்திருக்கலாம். ஒற்றைமுள் இனம், கொத்துமுள் இனம் இரண்டுக்கும் இந்த ஒரே பெயர் போதாதா என்று கேட்கலாம். போதாது; வேறுபாட்டை ஒரு பூச்சியே காட்டிவிட்டது. சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் சாயப்பூச்சிக்கெனக் கள்ளித்தோட்டம் போட்டிருந்தார். 1795இல் பிரேசிலிலிருந்து வந்த பூச்சி சாயத்துக்கு உதவவில்லை. ஆனால் பெரும்பாலும் ஒற்றை முள் கொண்ட இனத்தைச் சாறுறிஞ்சி அழித்தது, கொத்துமுள் இனத்தை விட்டுவைத்தது. அந்தக் கொத்துமுள்ளை அடக்க 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சி வர வேண்டியிருந்தது. பூச்சிக்குத் தெரிந்த வேறுபாடு பேச்சிலும் இருக்கட்டும்: கொத்துமுள்ளை நாகதாளி என்போம், மற்றதை ஒற்றைமுள் சப்பாத்தி என்போம்.