மாண்டிசோரி அம்மையாரின் பிற்பகல்

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபொழுது, பல்லவரைப் பற்றியோ சோழரைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். ஆயினும் இவ்வாண்டு என் மனம் வேறொரு பொருளில் ஈடுபட்டு நிற்கிறது. சங்கக் கட்டிடத்தின் பின்கட்டில் நடைபெற்று வரும் பாலர் வகுப்பின் பிற்பகல் வேலைகளை நிறுத்திவிட்டு, அந்நேரத்தில் எழுத்துப் பயிற்சியும் கணக்கும் நடத்த வேண்டும் என்று பெற்றோர் சிலர் பொதுக்குழுவிற்குத் தீர்மானம் கொடுத்திருப்பதை அன்பர்கள் அறிவர். "குழந்தை களிமண்ணைப் பிசைந்து, செடிக்கு நீர் ஊற்றி, சட்டையை நனைத்துக்கொண்டு வருகிறது, இதற்காகவா மாதந்தோறும் பணம் கட்டுகிறோம்?" என்பது அவர்கள் கேள்வி. அக்கேள்வி நியாயமற்றதன்று. ஊரை விட்டு வந்து, பிள்ளைகளின் படிப்பு ஒன்றையே செல்வமாகக் கருதி வாழ்கின்றவர்கள் நாம். ஆனால் அவ்வறையின் வாயிலில் 'மாண்டிசோரி முறை' என்று பலகை எழுதி மாட்டியிருக்கிறோம். அப்பெயருக்குரிய அம்மையார் தம் பள்ளியில் பிற்பகலை எவ்வாறு வகுத்தார், அது நம் நாட்டிற்கு எவ்வாறு வந்தது என்பதை அறிந்துகொண்ட பின் முடிவு செய்வது நலம் என்று தோன்றியது.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலி நாட்டில் பிறந்தார். 1896-இல் உரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றியவர் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவராகப் பணியாற்றியபொழுது, அவர்களுக்கு வேண்டியது மருந்தைக் காட்டிலும் கைக்கு வேலை என்று கண்டார். இத்தார், செகான் என்னும் இரு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்கள் அவருக்கு வழிகாட்டின.

உரோமாபுரியில் சான் லோரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி. அங்கே கட்டிட நிறுவனம் ஒன்று பாழடைந்த பல குடித்தன வீடுகளைச் செப்பனிட்டுக் குடிவைத்தது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்து விடப்பட்ட சிறுவர் படிக்கட்டுகளிலும் புதுச் சுவர்களிலும் தம் கைவரிசையைக் காட்டினர். சுவரைக் காக்க வேண்டியே நிறுவனத்தார் அச்சிறுவரை ஓர் அறையில் சேர்த்து வைக்க எண்ணினர். அப்பொறுப்பை அம்மையாரிடம் கொடுத்தனர். 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் முதலாவது 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. இன்று உலகெங்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பெருந்தொகை செலுத்திப் பயிலும் முறை, ஏழைப் பிள்ளைகள் சுவரில் கிறுக்கியதனால் பிறந்தது!

அம்மையார் 1909-இல் வெளியிட்ட முதல் நூலில் இவ்வில்லங்களுக்குரிய நேர அட்டவணை ஒன்று காணப்படுகிறது. காலை ஒன்பது மணிக்குத் தொடக்கம். மாலை நான்கு மணிக்கு முடிவு. அறிவுப் பயிற்சிக்கு உரியதாகக் குறிக்கப்பட்டிருப்பது பத்து முதல் பதினொன்று வரையிலான ஒரே ஒரு மணி நேரம். நண்பகல் உணவிற்குப் பின் ஒரு மணி வரை தம் விருப்பம்போல் ஆடல். ஒன்று முதல் இரண்டு வரை இயன்றால் திறந்த வெளியில் ஆசிரியை நடத்தும் ஆட்டங்கள். அதே நேரத்தில் மூத்த குழந்தைகள் முறை வைத்து அறையைக் கூட்டித் தூசு தட்டிப் பொருள்களை ஒழுங்குபடுத்துவர். இரண்டு முதல் மூன்று வரை கைவேலை: களிமண், சித்திரம் முதலியன. மூன்று முதல் நான்கு வரை கூட்டாக உடற்பயிற்சியும் பாட்டும். செடிகளையும் வளர்ப்பு உயிர்களையும் சென்று பார்த்துப் பேணுதல். ஆகவே பிற்பகல் என்பது காலைப் பாடத்தில் எஞ்சிய நேரத்தை ஒப்பேற்றும் வழியாக அமைந்ததன்று. பள்ளி நாளின் செம்பாதி அதுவே.

அந்தக் களிமண் வேலையின் வரலாறு சற்று விரித்துரைக்கத் தக்கது. அக்காலத்தில் உரோமாபுரியில் ரண்டோனே என்னும் பேராசிரியர் ஒரு கலைப்பள்ளி நடத்தி வந்தார். இளைஞர் பொதுக் கட்டிடங்களையும் பழஞ்சின்னங்களையும் பாழ்படுத்துவதைக் கண்டு வருந்திய அவர், அறிவுரையால் பயனில்லை, ஒரு பொருளைத் தானே செய்து பார்த்தவன்தான் பிறர் செய்ததை மதிப்பான் என்று கருதினார். ஆதலால் அங்கே குடம் வனைவதும், சிறு செங்கல் அறுத்துச் சூளையில் சுடுவதும், அச்செங்கற்களைக் கொண்டு சிறு சுவர் எழுப்புவதும் கற்பிக்கப்பட்டன. மாண்டிசோரி அம்மையார் இதனைத் தம் குழந்தைகளுக்கு ஏற்றவாறு அமைத்துக்கொண்டார். சுவரைக் கிறுக்கிய கைகள் சுவர் கட்டக் கற்றன!

கைப்பயிற்சி வேறு, கைவேலை வேறு என்று அம்மையார் பிரித்துக் காட்டினார். முன்னது கையைப் பழக்குவது. பின்னது பயனுள்ள ஒரு பொருளை ஆக்குவது. முன்னதனால் குழந்தை வளர்கிறது; பின்னதனால் உலகிற்கு ஒரு பொருள் கூடுகிறது. தூக்கி அடுக்கும் இளஞ்சிவப்புக் கோபுரத்தின் பத்துக் கனசதுரங்களும் (சிறியது ஒரு சென்டிமீட்டர், பெரியது பத்து சென்டிமீட்டர் பக்கம்) குமிழ் வைத்த உருளைகளும் முன்னதற்கு உரியவை. குடமும் செங்கல்லும் பின்னதற்கு. புதுமை என்பதற்காக எல்லாவற்றையும் அவர் ஏற்றுக்கொண்டாரும் அல்லர். அட்டையில் துளையிட்டு நூல் கோத்துத் தைக்கும் வேலை அக்காலப் பாலர் பள்ளிகளில் பெருவழக்காய் இருந்தது. சிறு குழந்தையின் கண்ணுக்கு அது கேடு என்று மருத்துவராகிய அவர் நீக்கிவிட்டார். நம் பாலர் வகுப்பிலும் அவ்வட்டைகள் ஒரு கட்டு இருக்கின்றன. அவற்றை நிறுத்தத் தீர்மானம் வருமாயின் நான் கை தூக்குவேன்.

செடி வளர்ப்பில் அவர் கண்ட பயன் வேறு வகைப்பட்டது. ஆசிரியை அதட்டினால் குழந்தை அடங்கும். நீர் ஊற்றாத செடியோ அதட்டுவதில்லை, வாடுகிறது. நாளை நேரப்போவதை இன்று எண்ணிச் செயற்படும் பழக்கத்தையும், விதை முளைக்கும் வரை காத்திருக்கும் பொறுமையையும் குழந்தை செடியிடமே கற்றுக்கொள்கிறது.

"இவையெல்லாம் சரி, எழுத்து எப்பொழுது வரும்?" என்று பெற்றோர் கேட்பர். உரோமாபுரியிலும் தாய்மார் கேட்டனர். எழுதப் படிக்கக் கற்றுத் தருமாறு வேண்டினர். அம்மையார் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, குழந்தைகள் விரலால் தடவி வடிவை உணருமாறு செய்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் அகரம் எழுதிய முறையை இது நினைவூட்டுகிறது; என் பாட்டனார் அவ்வாறு கற்றவரே. ஒரு டிசம்பர் நாள், வெயில் நன்றாகக் காய்ந்துகொண்டிருக்க, அம்மையார் மொட்டை மாடியில் குழந்தைகளுடன் இருந்தார். அருகில் நின்ற ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணக் கட்டியைக் கொடுத்து, அங்கிருந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் தரையில் வரைந்தான். அவர் பாராட்டினார். அவன் அவரை நோக்கிச் சிறிது நேரம் திகைத்து நின்று, பின்பு தனக்கு எழுத வருகிறது என்று கூவியவாறு குனிந்து ஒரு சொல்லை எழுதினான். இத்தாலிய மொழியில் 'மானோ' என்பது அச்சொல்; 'கை' என்று பொருள். அடுத்துப் 'புகைபோக்கி' என்றும், அதற்கடுத்துக் 'கூரை' என்றும் எழுதினான். சூழ நின்ற பிள்ளைகளும் சுண்ணக் கட்டி கேட்டு எழுதத் தொடங்கினர். எழுதுகோலைப் பிடித்து வரி வரியாக எழுதி அவர்கள் பழகியதில்லை. பல திங்களாகக் கையே பழகியிருந்தது.

இனி இம்முறை பாரத நாட்டிற்கு வந்த கதை. முதலில் அது வேரூன்றியது நாம் குடியேறி வாழும் இம்மேற்குப் பகுதியில்தான் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. கத்தியவாடைச் சேர்ந்த கிஜுபாய் பதேகா வழக்கறிஞர். தம் மகனை எவ்வாறு கற்பிப்பது என்ற கவலையினால் மாண்டிசோரி நூல்களைப் படிக்கத் தொடங்கியவர், தொழிலையே விட்டு, பாவநகரில் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தைச் சார்ந்து 1920-இல் பாலமந்திர் என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். கல்லால மரத்தடியில் பேசாமல் கற்பிக்கும் கடவுளின் பெயரால் அமைந்த இடத்தில் இப்பள்ளி தோன்றியது பொருத்தமே. கதையும் நாடகமும் பாட்டும் சேர்த்து இம்முறையைக் குசராத்தி மண்ணுக்கு உரியதாக்கினார் அவர். மக்கள் அவரை 'மீசை வைத்த தாய்' என்றே அழைத்தனர்.

1931-இல் காந்தியடிகள் இலண்டன் சென்றிருந்தபொழுது அம்மையாரைச் சந்தித்து, அவருடைய பயிற்சிக் கல்லூரியிலும் பேசினார். ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கும் இம்முறை எட்டவேண்டும் என்பதே அடிகளின் கவலை. அதற்கு விடை சொல்ல அம்மையாரே இங்கு வரும் காலம் பின்பு வந்தது. பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணிதேவியும் அழைக்க, 1939-ஆம் ஆண்டு நவம்பரில் அம்மையார் தம் மகன் மாரியோவுடன் சென்னை வந்து சேர்ந்தார். அடையாற்றில் ஓலைக் குடிசைகளில் பயிற்சி நடந்தது. முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் பயின்றனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார்.

சில திங்கள் தங்கித் திரும்ப வந்தவரைப் போர் நிறுத்தி வைத்தது. 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும், மாரியோவைப் பகை நாட்டவர் என்று ஆங்கில அரசு சிறைமுகாமில் அடைத்தது. அம்மையார் அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறலாகாது என்று ஆணையிட்டது. ஆகஸ்டு 31-இல் அம்மையாருக்கு எழுபது வயது நிறைந்தது. அன்று வைசிராயிடமிருந்து தந்தி வந்தது: பிறந்தநாள் பரிசாக அவர் மகனை விடுதலை செய்து அனுப்புவதாக! பின்னர்க் கோடைக்கானலில் தங்கி, சற்று வளர்ந்த சிறுவர்களுக்கான கல்வியை ஆராய்ந்தார். 1946-இல் ஐரோப்பா திரும்பி, மீண்டும் 1947-இல் இந்நாட்டிற்கு வந்தார். அவருடைய புகழ்பெற்ற நூல்களுள் ஒன்று 1949-இல் அடையாற்றிலேயே முதன்முதலாக அச்சேறியது. 1952 மே 6-ஆம் நாள் ஆலந்து நாட்டில் மறைந்தார்.

அடிகளின் கவலைக்கு நேரான விடை தந்தவர் தாராபாய் மோடக் என்னும் அம்மையார் என்பது என் கருத்து. பாவநகரில் கிஜுபாயுடன் உழைத்த இவர், 1945-இல் மும்பைக்கு வடக்கே கடற்கரையில் உள்ள போர்டி கிராமத்தில் குழந்தைப் பள்ளி தொடங்கினார். அனுதாய் வாக் அவருக்குத் துணையாக வந்தார். விலை மிகுந்த மரக் கருவிகளுக்கு மாற்றாகச் சிப்பிகள், விதைகள், கூழாங்கற்கள், இலைகள், மண். ஆதிவாசிக் குழந்தைகள் பள்ளிக்கு வராவிடில், பள்ளி அவர்கள் முற்றத்திற்குச் சென்றது. முற்றத்தில் நடந்ததால் 'அங்கன்வாடி' என்று பெயர். 1957-இல் அப்பணி அருகிலுள்ள கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. 1975-இல் நடுவண் அரசு தொடங்கிய குழந்தைகள் நலத்திட்டம் அப்பெயரையே எடுத்துக்கொண்டது.

வரலாறு இவ்வாறிருக்க, இன்று நம் சுற்றுப்புறத்தில் காண்பது என்ன? அம்மையாரின் பெயரை யாரும் பலகையில் எழுதிக்கொள்ளலாம்; தடையில்லை. என் பேத்தி முன்பு சென்ற ஒரு பள்ளியில் இளஞ்சிவப்புக் கோபுரம் கண்ணாடி அலமாரியில் பூட்டப்பட்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குப் பள்ளி முடியும். பிற்பகல் முழுதும் வீட்டில் எழுதி வருவதற்கு நான்கு பக்கம். மூன்றரை வயதில் அவள் விரல் நோகிறது என்று அழுதாள்.

குற்றம் பள்ளியினுடையது மட்டுமன்று. கூட்டுவதும் துலக்குவதும் வேலைக்காரியின் தொழில், நம் பிள்ளையின் கைக்கு உரியதன்று என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழ வேரூன்றியிருக்கிறது. சென்ற ஆடியில் பேத்தி மோர் டம்ளரைக் கவிழ்த்துவிட்டாள். பாலர் வகுப்பில் பழகியபடி தானே துணி எடுத்து வந்து துடைக்கத் தொடங்கினாள். மோரை இன்னும் பரப்புகிறாளே என்று பொறுக்காமல், துணியைப் பிடுங்கி நானே துடைத்தேன். அவள் அழுதது மோருக்காக அன்று. "தாத்தா, அது என் வேலை" என்றாள். என் மருமகள் ஒன்றும் பேசாமல் இன்னொரு துணியை நனைத்துப் பிழிந்து அவளிடம் கொடுத்தாள்.

தீர்மானம் பொதுக்குழுவில் வரவிருக்கிறது. அவரவர் கருத்துப்படி கை தூக்கலாம். அதற்கு முன், கையொப்பமிட்ட பெற்றோர் ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்கட்டிற்கு வந்து ஒரு மூலையில் அமர்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குழந்தைகள் அறுத்த சிறு செங்கற்கள் குழாயடிக்கு அருகில் காய்ந்துகொண்டிருக்கின்றன. வருபவர்கள் மிதித்துவிடாமல் நடக்கவேண்டும்.