விருப்பமா, விடுதியா? கிண்டியின் முதல் பொறியியல் மாணவியர்: ஒரு மறுவாசிப்பு

பொறியியல், தொழில்நுட்பத் துறைகளுக்கு மாணவரை ஈர்ப்பது பற்றிய ஆய்வுகளில், குறிப்பாக மாணவியர் பற்றியவற்றில், ஒரு கருதுகோள் பெரும்பாலும் கேள்விக்கு உள்ளாகாமலே நிலைபெற்றிருக்கிறது. மாணவரிடம் குறைவாக இருப்பது விருப்பம். அதை ஊட்ட வல்லவை முன்மாதிரிகள் என்பதே அது. சாதனையாளரைப் பள்ளிக்கு அழைத்துப் பேசவைப்பதும், வாழ்க்கைக் குறிப்புகளைப் பாடநூலில் சேர்ப்பதும் இதன் நடைமுறை வடிவங்கள். இக்கருதுகோளுக்கு இந்திய வரலாற்றிலிருந்து வழக்கமாகத் தரப்படும் சான்று, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்று 1943இல் மின்பொறியியல் படிப்பை முடித்த அ. லலிதாவின் வாழ்க்கை. தடைகளை மன உறுதியால் கடந்து, பின்வந்தோருக்கு வழிகாட்டியவர் என்ற வாசிப்பே அவரைக் குறித்து மேலோங்கியுள்ளது. அவர் தொடர்பான செய்திகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் இந்த வாசிப்பு நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சான்றின் தன்மை. லலிதாவைப் பற்றி இன்று புழங்கும் செய்திகளில் பெரும்பகுதி அவர் மகள் சியாமளாவின் நினைவிலிருந்து வருபவை. குடும்ப நினைவு உணர்வுகளை மெருகேற்றும். யார் எந்த ஊரில் யார் வீட்டில் தங்கினார் என்பது போன்ற செய்திகளில் அது அவ்வளவாகப் பிசகுவதில்லை. ஆகவே அவருடைய மனநிலை பற்றிய கூற்றுகளை ஒதுக்கிவிட்டு, இடம், காலம், ஏற்பாடு பற்றிய செய்திகளை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறேன். 1919இல் பிறந்த லலிதாவுக்குப் பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டு வயதில், கைக்குழந்தையுடன் இருந்த நிலையில் கணவரை இழந்தார். இராணி மேரி கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்தபின் மருத்துவம் படிக்கும் எண்ணம் எழுந்தது. நேரங்காலம் பாராத அந்தத் தொழில் குழந்தையுடன் ஒத்துவராது என்று கைவிடப்பட்டது. தந்தை பப்பு சுப்பா ராவ் கிண்டியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். அவர் முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார், பொதுக்கல்வி இயக்குநர் ஆர்.எம். ஸ்டாதமின் ஒப்புதலும் கிடைத்தது. லலிதாவுக்கெனத் தனித் தங்குமிடம் ஒதுக்கப்பட்டது. எந்திரங்கள் மீதான ஆர்வம் இந்த வரிசையில் எங்கே வருகிறது? இருந்திருக்கலாம். ஆனால் துறையைத் தேர்ந்ததில் முடிவான இடம் அதற்கு இருந்ததாகச் சொல்ல ஆதாரமில்லை. பொறியியல் படித்தால் குழந்தையையும் வளர்க்க முடியும் என்பதும், கல்லூரிக் கதவைத் திறக்கும் நிலையில் மூன்று அலுவலர்கள் இருந்தார்கள் என்பதுமே ஆவணப்படக்கூடிய காரணங்கள்.

சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். லலிதா சேர்ந்து சில மாதங்களில், தனித்திருக்கும் மாணவிக்குத் துணை வேண்டும் என்ற கருத்தில், பெண்களையும் சேர்த்துக்கொள்வதாகக் கல்லூரி விளம்பரம் செய்தது. மலையாள நாட்டிலிருந்து லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா ஆகிய இருவர் வந்து சிவில் பொறியியலில் சேர்ந்தனர். முன்மாதிரி வாசிப்பு இதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொள்கிறது: ஒருத்தி நுழைந்தாள், இருவர் பின்தொடர்ந்தனர் என்று. காலத்தைக் கவனிக்க வேண்டும். அவ்விருவரும் விண்ணப்பித்தபோது லலிதா முதலாண்டு மாணவி மட்டுமே. பட்டம் பெற்றிருக்கவில்லை, பணியில் அமர்ந்திருக்கவில்லை. பின்பற்றத்தக்க வெற்றி எதையும் உலகுக்குக் காட்டியிருக்கவில்லை. அவர் தேர்ந்த துறையையும் அவ்விருவர் தேரவில்லை. அவர்களை எட்டியது ஒரு வாழ்க்கைக் கதையன்று, சேர்க்கை அறிவிப்பு. அந்த அறிவிப்புக்கு முன்பே அவர்களுக்கும், அவர்கள் வீட்டாருக்கும் விருப்பம் இருந்திருக்க வேண்டும். இல்லையேல் விளம்பரத்தைக் கண்டு கடல்போன்ற சென்னைக்கு மகளை அனுப்ப எவரும் துணியமாட்டார்கள். கல்லூரி புதிதாக உருவாக்கியது விருப்பத்தை அன்று. தங்கும் அறையும் உடனிருக்கும் துணையும் கொண்ட ஓர் இடத்தை. திரேசியா பின்னர், 1971இல், கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். அவரையும் முன்மாதிரியாக நிறுத்துவோர் அந்த விளம்பரத்தை மறந்துவிடுகின்றனர். பட்டச் சான்றிதழில் அச்சிட்டிருந்த ஆண்பால் சொல்லைக் கையால் அடித்துத் திருத்தித் தந்தார்கள் என்ற செய்தி கட்டுரைகளில் மிகுதியாக எடுத்தாளப்படுகிறது. சுவையான செய்திதான், ஆனால் படிப்பு முடிந்த பிறகு நடந்த அது, அவர்கள் உள்ளே வந்த விதத்தை விளக்காது.

லலிதாவின் பிற்காலமும் இதையே சொல்கிறது. ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி முடித்தபின் சிம்லாவில் மத்தியத் தர நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே சகோதரர் குடும்பம் இருந்தது. 1948இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸில் சேர்ந்தார். அங்கே இன்னொரு சகோதரர். பக்ரா நங்கல் அணைக்கான மின்னாக்கிப் பணிகளில் பங்கேற்றவர், லண்டன் மின்பொறியாளர் கழகத்தின் உறுப்பினர், 1964இல் நியூயார்க்கில் நடந்த முதல் பன்னாட்டுப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டில் கலந்துகொண்டவர் என்ற பெருமைகளுக்கெல்லாம் அடியில், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு இருக்கும் ஊரில்தான் வேலை என்ற கணக்கு ஓடுகிறது.

லலிதா ஒரு விதிவிலக்கு, பேராசிரியர் மகள், அவரை வைத்துப் பொது முடிவுக்கு வரலாகாது என்பர். அந்த விதிவிலக்கைப் பொது முன்மாதிரியாக்கியவர்கள் முன்வைக்கக்கூடிய மறுப்பு அன்று இது. இன்னொரு மறுப்பு வலுவானது. அமெரிக்க விமானப்படைக் கழகத்தில் மாணவர்கள் தற்செயல் முறையில் ஆசிரியர்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டதை வைத்து 2010இல் வெளியான ஆய்வு, பெண் பேராசிரியரிடம் கணிதமும் அறிவியலும் பயின்ற மாணவியர், குறிப்பாகக் கணிதத்தில் சிறந்தோர், அத்துறைகளில் மேலும் நிலைத்தனர் என்று காட்டியது. இம்முடிவை ஏற்கிறேன். ஆனால் அங்கே செயல்பட்டவர் பருவம் முழுதும் வகுப்பெடுத்த ஆசிரியர். ஒருநாள் மேடையேறிப் போன விருந்தினர் அல்லர். அம்மாணவியர் ஏற்கெனவே கழகத்தின் உள்ளே இருந்தவர்கள் என்பதையும் மறக்கலாகாது. உள்ளே வந்தவர் நிலைப்பதும், வெளியே நிற்பவர் நுழைவதும் வெவ்வேறு கேள்விகள்.

நுழைவு பற்றிய அண்மைச் சான்று இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களிலிருந்து கிடைக்கிறது. 2016இல் சுமார் 8 விழுக்காடாக இருந்த மாணவியர் பங்கு, 2018 முதல் பெண்களுக்குக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டபின், 2020இல் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எட்டியது. நான்கே ஆண்டுகளில் நாட்டுப் பெண்களின் விருப்பம் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது என்று யாரும் வாதிடப்போவதில்லை. அவ்விடங்களுக்கு வந்தவர்கள் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை எழுதித் தேறியவர்கள். தகுதி குறைந்தது என்ற முணுமுணுப்புக்கு இதற்குமேல் விடை தேவையில்லை. இதே பாடத்தைக் கிண்டியிலும் காணலாம். அவ்வளாகம் இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதி. அரசுப் பள்ளி மாணவருக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிய 2021ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன், அப்பல்கலைக்கழகத்தின் பொறியியல் சேர்க்கையில் அவர்கள் பங்கு ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அச்சட்டத்தின் கீழ்ச் சேர்வோரின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இந்த ஏற்பாடு ஆய்வாளர் கவனத்தை அதிகம் ஈர்க்கவில்லை. என் கணிப்பில், ஒதுக்கீட்டை ஏட்டளவில் நின்றுவிடாமல் காப்பது அதுவே.

விழிப்புணர்வு முகாம்கள் தேவையற்றவை என்று நான் சொல்லவில்லை. எந்தப் படிப்புக்கு எங்கே எப்படி விண்ணப்பிப்பது என்ற தகவலை அவை தரும்வரை பயன் உண்டு. ஆனால் ஊக்கத் திட்டங்களை மதிப்பிடும் ஆய்வுகள், நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் மாணவரின் ஆர்வத்தை வினாத்தாள் கொண்டு அளப்பதோடு நின்றுவிடுகின்றன. அந்த மாணவர்களில் எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, கிடைத்தும் தங்குமிடம் இன்றி எத்தனை பேர் சேராமல் விட்டனர் என்பனவற்றை இனிவரும் ஆய்வுகள் முதல் அட்டவணையிலேயே தர வேண்டும்.