சித்த மருத்துவமும் அதன் தளர்ச்சியும்

அரிசிலாறு கடலொடு கலக்கும் காரைக்காற் பகுதி அம்மையார் தோன்றியருளிய நாடு. அங்கே திருநள்ளாற்றைச் சூழ்ந்துள்ள ஊர்களுள் ஒன்று சுரக்குடி. திருநள்ளாற்றுத் திருப்பதிகம் எழுதிய ஏடே மதுரையில் அனலில் இடப்பட்டும் வேவாது பச்சையாய் நின்றதெனச் சேக்கிழார் பெருமான் விரித்தருளியமை அன்பர் அறிந்ததே. அவ்வாதத்திற்கு முன் நிகழ்ந்தது பாண்டியனைப் பற்றிய வெப்புநோய். மந்திரத்துக்கும் பீலிக்கும் அடங்காத அந்நோய் ஆளுடைய பிள்ளையார் திருநீறு பூசத் தணிந்தது.

இவ்வரலாற்றைக் கொண்டு, திருநீறும் திருப்பதிகமுமே நோய்க்கு மருந்தென்றும், வேரும் தழையும் உப்பும் உலோகமும் நாடுதல் அடியார்க்கு ஒவ்வாதென்றும் கூறுவாருளர். நோய் வினைப்பயன், அதனை நுகர்ந்தே தீர்க்கவேண்டும் என்பது அவர் கருத்து. அது பொருந்தாது. பசியும் வினைவழி வந்த உடம்பைப் பற்றியதே. அதற்குச் சோறு வேண்டாமென்பார் ஒருவருமிலர். உடம்பு மாயையின் காரியமாயினும், மலம் நீங்குதற்பொருட்டு உயிர்க்கு இறைவன் அளித்த கருவியாதலின், அதனைப் பேணுதல் கடனாயிற்று. அன்றியும், இன்பதுன்பங்களை ஊட்டி வினையறுக்கும் இறைவனுக்கு அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்துள் உவமையாக எடுத்தது மருத்துவனையே. சில நோயை அறுத்துங் கீறியும், சில நோயைப் பாலொடு கட்டி கலந்து ஊட்டியும் அவன் தீர்க்குமாறு ஆண்டுக் கூறப்பட்டது. உவமை கேட்போர் நாளும் கண்டறிந்த பொருளாதல் வேண்டும். ஆகவே, பதின்மூன்றாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு மருத்துவன் கையில் மருந்தோடு கத்தியும் இருந்ததென்பது இதனாற் பெறப்படும். இது பின்னர்ப் பயன்படும்.

இனி, அம்மருத்துவத்தின் அடிப்படை வருமாறு. அண்டத்திலுள்ளனவே பிண்டத்திலும் உள்ளன என்பது அதன் முதற் கோட்பாடு. மண், நீர், தீ, வளி, வெளி என்னும் ஐம்பூதங்களின் கூட்டே உடம்பும் உணவும் மருந்தும். வளியும் வெளியும் கூடி வாதமாம், தீ பித்தமாம், மண்ணும் நீரும் கூடி ஐயமாம். இம்மூன்றும் முறையே ஒன்று, அரை, கால் என்னும் அளவில் நிற்பின் நலம். மிகினும் குறையினும் நோய். மணிக்கட்டில் ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் என்பவற்றின்கீழ் இவற்றின் நடை உணரப்படும். நாடியொன்றே போதுமென்று கருதுவது பிற்காலத்தார் பிழை. நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், நீர் என எட்டையும் தேர்ந்தே நோய் துணிதல் முறை.

மருந்துக்கு முன் நிற்பது சுவை. இனிப்பு மண்ணும் நீரும், புளிப்பு மண்ணும் தீயும், உவர்ப்பு நீரும் தீயும், கார்ப்பு வளியும் தீயும், கைப்பு வளியும் வெளியும், துவர்ப்பு மண்ணும் வளியும் ஆகலின், எப்பூதம் மிக்கதோ அதற்கு மாறான சுவையை ஊட்டி அதனைத் தணிப்பர். இதனால் அடுக்களையே முதல் மருந்துச்சாலை ஆயிற்று. சுவையால் அடங்காதவற்றுக்கு உள்மருந்து முப்பத்திரண்டும் வெளிமருந்து முப்பத்திரண்டும் வகுத்தனர். கத்தியும் கட்டும் சுட்டிகையும் வெளிமருந்தின்பாற் பட்டவை.

சித்தாந்த நூல் பயின்றார்க்கு ஈண்டு ஒரு வியப்புண்டு. மருத்துவ நூல்கள் உடற்றத்துவம் தொண்ணூற்றாறு என்கின்றன. சைவ சித்தாந்தமும் தத்துவம் முப்பத்தாறும் தாத்துவிகம் அறுபதுமாகத் தொண்ணூற்றாறே கொள்ளும். மருத்துவர் வாத பித்த ஐயங்களாகிய முத்தோடத்தையும் ஆணவ முதலிய மும்மலத்தையும் அத்தொகையுள்ளேயே வைத்தெண்ணினர். சித்தாந்திகளோ மலங்களைத் தத்துவத்தின் வேறாக வைத்தனர். எண் ஒத்தது, வகுப்பு வேறு. நாதம், விந்து என்னும் சொற்களின் நிலையும் இன்னதே. சித்தாந்தி அவற்றைச் சுத்த மாயையின் கண்ணவாகக் கொள்வான். மருத்துவ நூலில் அவை கந்தகமும் இரசமும் ஆகும்.

இவ்வாறு சொல்லொன்று பொருளொன்றாக எழுதும் முறையே பரிபாடை எனப்படும். நஞ்சாகிய இரசத்தையும் பாடாணத்தையும் தகுதியில்லாதான் கையாளாதிருக்க வைத்த காவல் அது. ஆசிரியன் அருகிருந்து பொருள் விளக்கும்வரை அக்காவல் நன்றே. ஆசிரியன் மறைந்தபின் காவலே சிறையாயிற்று.

இந்நூல்களின் காலம் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். அகத்தியர் முதலிய சித்தர் பெயரால் வழங்கும் அனைத்தும் சங்கத்துக்கு முற்பட்டனவென நிலைநாட்ட முயல்வார் பலர். அந்நூல்கள் பலவற்றில் பரங்கி நோய் என ஒரு நோயும், பரங்கிப்பட்டை என ஒரு மருந்தும் காணப்படுகின்றன. போர்ச்சுகீசியர் இந்நாட்டுக் கடற்கரையில் இறங்கியது 1498-ஆம் ஆண்டில். அவர்க்கு முன் அப்பெயர்கள் இங்கே எழ வழியில்லை. ஆகவே அவை எழுதப்பட்டதோ திருத்தப்பட்டதோ பதினாறாம் நூற்றாண்டின் பின்னரே. இது கேட்டு வருந்துவார் வருந்த வேண்டியதில்லை. கப்பலில் வந்த புதுநோயைக் கண்டறிந்து, கப்பலில் வந்த வேரையே அதற்கு மருந்தாக்கித் தம் முத்தோட முறைக்குள் அமைத்துக்கொண்ட மருத்துவர் அக்காலத்தே இருந்தனர் என்பதன்றோ இதனால் விளங்குவது! எல்லாம் தொன்மையே என்பார் அம்மருத்துவரின் புகழைப் பறிப்பவராவர்.

அத்தகையோர் வாழ்வுக்கு அரசரும் கோயிலும் துணைநின்றனர். குந்தவைப் பிராட்டியார் தம் தந்தையார் சுந்தர சோழர் பெயரால் தஞ்சையில் ஆதுலர் சாலை நிறுவினார். வீரராசேந்திரன் (1063-1070) காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, வீரசோழன் என்னும் ஆதுலர் சாலையிற் பதினைந்து படுக்கைகளும், மருத்துவன் ஒருவனும், அறுவை செய்வான் ஒருவனும், மருந்து கொணர்வாரும், பணிப்பெண்டிரும் இருந்தமை கூறுகின்றது. அதிற் குறித்த மருந்துப் பெயர்கள் பெரும்பாலும் வடநூல் வழியின. இரு மருத்துவமும் அந்நாளில் அடுத்தடுத்து வாழ்ந்தன. மருத்துவர்க்கு விட்ட நிலம் மருத்துவக்காணி எனப்பட்டது. காணி உள்ளவரை வீட்டில் ஏடு புதுப்பிக்கப்பட்டது; மாணவனுக்குச் சோறும் கிடைத்தது.

அயலார் வந்த பின்னரும் இம்மருத்துவம் உடனே தாழ்ந்திலது. காரைக்காலுக்கு வடக்கேயுள்ள தரங்கம்பாடியில் டேனியர் ஆதரவில் இருந்த கிருண்ட்லர் என்னும் செருமானியப் பாதிரியார் தமிழ் மருத்துவ ஏடுகளைக் கற்று 1711-இல் ‘மலபார் மருத்துவன்’ என ஒரு நூலே எழுதினார். பாம்புக்கடிக்கு வழங்கிய தஞ்சை மாத்திரையின் செய்முறை சுவார்ட்சுப் பாதிரியார் வழியாக ஆங்கிலேயர்க்குத் தெரிந்தது. வெள்ளைப் பாடாணம் சேர்ந்த அதனைப் பாற்றிக் ரசல் என்பார் தம் பாம்பு நூலில் (1796) ஆராய்ந்தார். ஐன்சிலி 1813-இல் வெளியிட்ட மருந்துப் பொருணூலில் தமிழ்ப் பெயர்கள் நிரம்பவுள. தஞ்சையில் சரபோசி மன்னர் (1798-1832) தன்வந்திரி மகால் அமைத்து மருந்துகளைத் தேர்வித்தார். அங்குத் தேர்ந்த முறைகள் தமிழ்ப் பாடல்களாகத் தொகுக்கப்பெற்றன. அவையே பின்னர்ச் சரசுவதி மகாலால் சரபேந்திர வைத்திய முறைகள் என அச்சாயின. அயலார் கேட்டறிந்து எழுதிக்கொண்டதை, அண்டைவீட்டு மருத்துவனுக்குச் சொல்ல இந்நாட்டார் பலர் மனங்கொள்ளாமை நினைக்கத்தக்கது.

தளர்ச்சிக்கு அயலாட்சி ஒன்றே காரணமென்பது பலர் கூற்று. 1855-இல் தஞ்சை அரசமரபு முடிந்தது. 1858-இல் அமைந்த இனாம் ஆணைக்குழு மானியங்களை அலசியது. 1914-ஆம் ஆண்டுச் சென்னை மருத்துவர் பதிவுச் சட்டம் நாட்டு மருத்துவரைப் பதிவினின்று விலக்கியது. இவை உண்மையே. ஆயினும், 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த காரைக்காலுக்குச் சென்னைச் சட்டம் செல்லாது. அவர்கள் 1823-இல் புதுச்சேரியில் ஏற்படுத்திய பள்ளி கற்பித்தது மேனாட்டு மருத்துவம். சுரக்குடியில் ஒரு சட்டமும், எல்லைக்கு அப்பால் தஞ்சை மாவட்டத்தில் வேறொரு சட்டமும் நிலவியும், ஏடு செல்லரித்தது இருபாலும் ஒன்றுபோலவே.

உள்ளிருந்த காரணம் இரண்டு. ஒன்று மறைப்பு. மகனுக்கன்றிப் பிறர்க்கு உரையாமையும், மகனுக்கும் இறுதிநாள்வரை முழுதும் உரையாமையும் மரபென்று போற்றப்பட்டன. பனையோலை சில தலைமுறையில் நொறுங்கும், பெயர்த்தெழுதினாலன்றி நில்லாது. பொருளறியாத மக்கள் ஏடுகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றிலிட்டனர். எஞ்சியவை அச்சேறியபோது பரிபாடைக்கு உரை சொல்வாரின்றிச் சொல் மட்டும் அச்சாயிற்று. அந்நூலைப் பார்த்துச் சுத்தி முறை அறியாமல் இரசத்தை எரித்தவரால் நோயாளிக்கு நேர்ந்த கேடு மருத்துவத்தின் தலையிலேயே விழுந்தது.

மற்றொன்று கைத்தொழிலை இகழ்தல். சித்தியார் கூறிய அறுத்தலும் கீறலும் நாளடைவில் நாவிதர் குலத்தாருக்கும், மகப்பேறு அவர்தம் மகளிருக்கும் உரியவாயின. அவர் மருத்துவர் என்றே பெயர் பெற்றிருந்தும், திண்ணையில் ஏற்றி உடனிருந்து நூலோத இடம் கொடுக்கப்பட்டிலர். நூலறிந்தவன் கத்தி தொடான். கத்தி பிடித்தவன் நூல் காணான். பிளவையும் சிலந்தியும் அறுத்த கை நூலின்றி மெலிய, அறுவை முற்றும் மேனாட்டார்பாற் சென்றது. எல்லாவுயிரும் பதியின் உடைமை என ஓதும் சைவர் ஊர்களிலும் இதுவே நடந்தமை மறைத்தற்குரியதன்று.

1921-இல் சென்னை அரசினர் முகமது உசுமான் தலைமையில் அமைத்த குழு நாட்டு மருத்துவங்களை ஆராய்ந்து 1923-இல் அறிக்கை தந்தது. அதன்பின் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றிற்று. சாம்பசிவம் பிள்ளை தம் வாழ்நாளைச் செலவிட்டு மருத்துவப் பேரகராதி தொகுத்து, அது முற்றும் அச்சேறக் காணாமலே 1953-இல் மறைந்தார். 1964-இல் பாளையங்கோட்டையிற் கல்லூரியும், 2005-இல் தாம்பரத்தில் தேசிய நிறுவனமும் எழுந்தன. இவற்றில் எக்குலத்தாரும் ஒரே பலகையில் அமர்ந்து நூலோதுகின்றனர். சூரணம் மூன்று திங்களும், செந்தூரம் எழுபத்தைந்து ஆண்டும், பற்பம் நூறாண்டும், கட்டும் களங்கும் சுண்ணமும் ஐந்நூறாண்டும் வீரியங் கெடாவென நூல்கள் கூறும். முன்னைய மூன்றும் இன்றும் மருந்துச்சாலைகளில் உள்ளன. இறுதியில் நின்றவற்றைச் செய்து காட்ட வல்லார் மிகச் சிலரே.