கடைசிக் குழாயில் வரும் தண்ணீர்



விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிற வேளாண் அலுவலருக்குக் குடிதண்ணீரில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வயலில் போடும் உரமும், கொல்லையில் குவிக்கும் சாணமும், குடத்தில் பிடிக்கும் தண்ணீரும் ஒரே மண்ணில்தான் சந்திக்கின்றன. அதனால் இதுவும் நம்முடைய பேச்சுதான்.

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் மங்கலம்பேட்டை இருக்கிறது. அதுபோன்ற பேரூர்களையும் சுற்றியுள்ள கிராமங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு போர், ஒரு மோட்டார், ஒரு மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய்கள், தண்ணீர் திறந்துவிட ஓர் ஆள். இவ்வளவுதான் ஏற்பாடு. பார்க்கச் சின்னது. ஆனால் இது நம் வாசலுக்கு வந்து சேர்ந்த கதை பெரியது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், தொட்டியை யார் கவனிக்க வேண்டும், எப்படிக் கவனிக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

தெளிவு வேறு, சுத்தம் வேறு

நம் முன்னோர்கள் தண்ணீர் விஷயத்தில் அறியாதவர்கள் அல்ல. குடிக்கிற ஊருணியில் குளிக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். கலங்கல் தண்ணீரைத் தேற்றாங்கொட்டை இழைத்துத் தெளிய வைத்தார்கள். மண் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அடியில் படிந்துவிடும். நல்ல முறைதான்.

ஆனால் தெளிந்த தண்ணீரிலும் நோய் இருக்கலாம் என்பது பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 1854-ல் லண்டனில் காலரா பரவியபோது, பிராட் தெருவில் இருந்த ஒரு கைப்பம்பின் தண்ணீரே காரணம் என்று டாக்டர் ஜான் ஸ்நோ எடுத்துக்காட்டினார். 1884-ல் ராபர்ட் காக் கல்கத்தாவுக்கு வந்து, மக்கள் புழங்கிய குளத்துத் தண்ணீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார்.

சென்னைப் பட்டணத்துக்கு 1872-ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் வந்தது. அது திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம்வரை வந்த தண்ணீர். வழியில் என்ன விழுந்தாலும் அதோடு சேர்ந்து வரும். மூடிய கால்வாயும் மணல் வடிகட்டிகளும் 1914-ல்தான் அமைந்தன. அமெரிக்காவில் ஜெர்சி நகரம் 1908-ல் தண்ணீரில் தினமும் குளோரின் கலக்கத் தொடங்கியது. நகரங்கள் இப்படி ஒவ்வொன்றாகத் தப்பித்துக்கொண்டன. கிராமம்? கிராமம் பழைய கிணற்றையும் குளத்தையும் நம்பியே இருந்தது. 1939-ல் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்து, குடிதண்ணீர் கொடுப்பது உள்ளாட்சியின் பொறுப்பு என்றது. சட்டம் வந்த வேகத்தில் தண்ணீர் வரவில்லை.

படிக்கிணறும் நரம்புச் சிலந்தியும்

நரம்புச் சிலந்தி என்ற நோயைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். காலில் கொப்புளம் கிளம்பும். உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலைநீட்டும். இரண்டு மூன்று அடி நீளம். அதைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, நாள் கணக்கில் மெள்ள இழுக்க வேண்டும். அறுந்தால் புண் சீழ் பிடிக்கும். விதைப்பு நேரத்தில் வந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பட்டமே போச்சு.

இந்தப் புழு எப்படிப் பரவுகிறது என்பதை 1870-ல் ஃபெட்சென்கோ என்ற ருஷ்ய விஞ்ஞானி கண்டுபிடித்தார். புண் உள்ளவர் படிக்கிணற்றில் கால் நனைய இறங்குவார். புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். சைக்ளாப்ஸ் என்ற மிகச் சிறிய நீர்ப்பூச்சி அவற்றை விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துக் கொப்புளம் கிளம்பும்.

இதற்குத் தடுப்பூசி கிடையாது, குணமாக்கும் மாத்திரையும் கிடையாது. பின் எப்படி ஒழிந்தது? படிக்கிணறுகளை மூடி, சுவர் எழுப்பி, மேலே நின்று இறைக்கும் கிணறாக மாற்றினார்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள். சைக்ளாப்ஸைக் கொல்ல மருந்து விட்டார்கள். முக்கியமாக, ஊர் ஊராகப் போய் யாருக்குக் கொப்புளம் இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். தேசிய ஒழிப்புத் திட்டம் 1983-84-ல் தொடங்கியபோது நாட்டில் சுமார் 40,000 பேருக்கு நோய் இருந்தது. தமிழ்நாடு 1980-களின் முதல் பாதியிலேயே விடுபட்டது. நாட்டின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானில் இருந்தார். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்று கொடுத்தது.

கவனியுங்கள். மனிதன் காலும் குடிதண்ணீரும் சந்திக்காமல் பிரித்து வைத்ததும், விடாமல் போய்ப் பார்த்ததுமே ஒரு நோயை நாட்டை விட்டே விரட்டியிருக்கிறது.

பம்பு வந்தது, பழுதும் வந்தது

அடுத்தது அடிபம்பு. 1960-களின் பிற்பகுதி வறட்சிக்குப் பிறகு, பாறையிலும் துளை போடும் இயந்திரங்கள் யூனிசெப் உதவியோடு வந்தன. ஊர் ஊராக போர் போட்டு, வார்ப்பிரும்புப் பம்பை மாட்டினார்கள். ஆனால் அந்தப் பம்புகள் மேல்நாட்டில் ஒரு வீட்டுக்காரர் தன் பண்ணைக்கு வைத்துக்கொள்ளும் மாதிரி. இங்கே விடியற்காலையிலிருந்து இருட்டும் வரை ஊரே அடித்தது. தாங்குமா? 1970-களின் நடுவில் கணக்கெடுத்தபோது நான்கில் மூன்று பம்பு வேலை செய்யவில்லை. பம்பு நின்றால் சனங்கள் எங்கே போவார்கள்? பழையபடி குட்டைக்குத்தான்.

அப்போது உருவானதுதான் இந்தியா மார்க் 2 என்ற பம்பு. சோலாப்பூர் பக்கம் ஏற்கெனவே இருந்த ஒரு பம்பின் அமைப்பை எடுத்து, கோயம்புத்தூரில் திருத்தி, சுற்றுவட்டாரக் கிராமங்களில் அடித்துப் பார்த்து, 1970-களின் கடைசியில் பெருமளவில் செய்யத் தொடங்கினார்கள். சென்னையில் தயாரான அந்தப் பம்பும், அதே மாதிரியில் செய்தவையும் பிறகு எத்தனையோ நாடுகளுக்குப் போயின. பம்போடு இன்னொரு ஏற்பாடும் தமிழ்நாட்டில் வந்தது. ஊரில் ஒரு பொறுப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் ஒரு பழுதுபார்க்கும் குழு என்று மூன்று அடுக்கு. நல்ல இரும்பு பாதி வேலை செய்தது. ஆள் போட்டது மீதி வேலையைச் செய்தது.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளரைக் கேட்டால் இதை இன்னும் நன்றாகச் சொல்வார். களிமண் உயர்ந்ததாக இருக்கலாம். சூளை நெருப்பைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் சரக்கு வீண். பீங்கான் வடிகட்டியும் அப்படித்தான். 1884-ல் பிரான்சில் சேம்பர்லாண்ட் என்பவர் கிருமியை நிறுத்தும் பீங்கான் வடிகட்டியைச் செய்தார். ஆனால் அதைத் தேய்த்துக் கழுவாமல் விட்டால், நிறுத்திய கிருமி அதிலேயே குடியேறிவிடும்.

கண்ணாடி மாதிரி தண்ணீர்

"எங்க போர் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு சார், இதுல என்ன வந்துடப் போவுது?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆழத்துத் தண்ணீர் பெரும்பாலும் கிருமி இல்லாததுதான். கெடுவது மேலே வந்த பிறகு. தொட்டியின் மூடி உடைந்து காக்கை, அணில் விழுந்து கிடக்கும். குழாய் சாக்கடைக்குள்ளேயே ஓடும். தண்ணீர் வேகம் போதவில்லை என்று குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தி வைப்போம். மோட்டார் நின்றதும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். குழியில் தேங்கிய அழுக்கையும் சாக்கடையையும் அது உள்ளே இழுக்கும். மறுநாள் முதல் குடத்தில் வருவது அதுதான்.

அதற்காகத்தான் பிளீச்சிங் பவுடர். தெளிந்த தண்ணீருக்கு 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பவுடர் என்பது பொதுவான கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 75 கிராம் ஆகிறது. வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிநீரை மட்டும் தொட்டியில் விட வேண்டும். அரை மணி நேரம் கழித்தே திறக்க வேண்டும். பவுடர் மூட்டையைத் திறந்து போட்டால் காரம் போய்விடும். பழைய பவுடரை எவ்வளவு கொட்டினாலும் வெறும் சுண்ணாம்புதான்.

சரி, போட்டது போதுமா என்று எப்படித் தெரியும்? இந்தியத் தர நிர்ணயத்தின்படி குழாய்த் தண்ணீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டியில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறும். பக்கத்திலுள்ள அளவோடு ஒப்பிட வேண்டியதுதான். இரண்டு நிமிஷ வேலை.

இந்த இரண்டு நிமிஷத்தைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா நாட்டு வாக்கர்ட்டன் சாட்சி. 5,000 பேர் வாழும் சிற்றூர். சுற்றிலும் பண்ணைகள். 2000 மே மாதம் பெய்த கனமழையில் பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணக் கிருமி ஆழமில்லாத ஒரு கிணற்றில் இறங்கியது. தண்ணீர் விடுகிறவர்கள் குளோரினைச் சரியாகப் போடவில்லை. அளக்காமலேயே நோட்டில் அளவு எழுதுவது அங்கே பல வருஷப் பழக்கம். 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். 7 பேர் இறந்தார்கள். பணக்கார நாடு, படித்த ஊர். நோட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பண்ணைக்காரர் மேல் குற்றமில்லை என்று விசாரணை ஆணையம் சொன்னது. ஆனாலும் நாம் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கிணற்றுக்கும் எருக்குழிக்கும், கிணற்றுக்கும் கழிப்பறைத் தொட்டிக்கும் குறைந்தது 50 அடி இருக்கட்டும்.

குளோரின் எல்லாவற்றுக்கும் மருந்து அல்ல. 1937-ல் கிண்டி கிங் நிலையத்து டாக்டர் ஷார்ட்டும் அவரோடு சேர்ந்தவர்களும், அன்று நம் மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில் மக்கள் முதுகு விறைத்துக் கூனிப்போனது தண்ணீரில் உள்ள ஃபுளோரைடால் என்று கண்டறிந்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு இதற்காகவே ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் 2013-ல் வந்தது. அதேபோல் அளவுக்கு மீறிப் போடும் யூரியா மண்ணில் இறங்கி நைட்ரேட்டாகக் கிணற்றில் சேரும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனால் புட்டிப்பால் குடிக்கும் பச்சைக் குழந்தைக்கு ஆபத்து. காய்ச்சினால் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். மண் பரிசோதனை செய்து உரமிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. சுத்தமான கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடித்துக் கொடுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் அவர்கள் தரும் சீசாவையே வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கே அளப்பது?

அளக்கும் இடம் எது என்பது முக்கியம். தொட்டிக்கு அடியில் உள்ள முதல் குழாயில் அளந்தால் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். குளோரின் போகப் போகக் குறையும். ஆகவே கடைசிக் குழாயில் அளக்க வேண்டும். அங்கே 0.2 இருந்தால் ஊர் முழுக்க இருக்கிறது என்று அர்த்தம்.

நம் ஊர்களில் அந்தக் கடைசிக் குழாய் எந்தத் தெருவில் இருக்கிறது? பல ஊர்களில் அது காலனித் தெரு. தண்ணீர் வரலாற்றில் இதையும் சொல்லாமல் விட முடியாது. பொதுக் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்கும் உரிமைக்காக 1927-ல் மகாராஷ்டிரத்து மகாத் ஊரில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்தார். 2022 டிசம்பரில், நம் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சமூக மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தது. தொட்டிக்கு மூடியும் பூட்டும் போட வேண்டும். அதற்குமேல், அந்தத் தெருக் குழந்தையும் நம் ஊர்க் குழந்தைதான் என்ற நினைப்பு வேண்டும். கடைசிக் குழாயில் அளப்பது விஞ்ஞானப்படியும் சரி, நியாயப்படியும் சரி.

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீரைப் பரிசோதிக்கப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். தாய்மார்களே, உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று விசாரியுங்கள். பெட்டி அலமாரியில் பூட்டிக் கிடந்தால் எடுக்கச் சொல்லுங்கள். தொட்டி கடைசியாகக் கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதச் சொல்லுங்கள். கிராமசபை கூடும் நாளில் குளோரின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பேரூராட்சியாக இருந்தால் உங்கள் வார்டு உறுப்பினரைக் கேளுங்கள். தண்ணீர் விடும் தம்பியைத் திட்டுவதற்காக அல்ல. அவருக்கு நல்ல பவுடரும் பெட்டியும் உரிய சம்பளமும் கிடைக்கிறதா என்று பார்ப்பதற்கும்தான்.

குழிக்குள் இறக்கிய குழாய் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே மேலே தூக்கி வையுங்கள். இதற்கு அரசாங்க உத்தரவு எதுவும் தேவையில்லை. ஒரு மண்வெட்டியும் ஒரு ஜாண் குழாயும் போதும்.