சவேரியார் வழியும் அண்டிரிக் வழியும்

மணப்பாட்டுக் கடலோரக் குன்றில் புனித சவேரியார் தங்கிய குகை இருக்கிறது. அவருடைய செபத்தையும் தவத்தையும் பற்றிச் சொல்லப் பலர் உண்டு. அவர் தமிழை எப்படிக் கையாண்டார் என்பதும் கேட்கவேண்டிய கேள்விதான். அலுவலக ஆங்கிலத்தில் பாதி வழியில் நின்றுவிட்ட நம் இளைஞர்களுக்கு அதன் விடை நேரடியாக உதவும். மணப்பாடு இருக்கும் இந்த முத்துக்குளித்துறையில், சில ஆண்டு இடைவெளியில், இரண்டு இயேசு சபையார் வேலையின் பொருட்டு அயல்மொழியான தமிழைக் கற்றார்கள். கற்ற விதம் வேறு வேறு.

சவேரியார் 1542-இன் பிற்பகுதியில் வந்தார். தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்துச் செபங்களைத் தமிழாக்கச் செய்தார். அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்துச் சொல்லிக்கொடுத்தார். சில மாதங்களில் வேலை நடந்தது. அது சிறிய காரியமல்ல. ஆனால் விசுவாச அறிக்கையில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று புகுந்திருந்தது. அதைத் திருத்தச் சொல்லி உடன்பணியாளர் மன்சிலாசுக்கு அவரே பிறகு எழுதினார். மனப்பாடமான வாக்கியத்துக்குள் பிழை இருந்தால் சொல்பவருக்குத் தெரிய வழியில்லை; வெளியிலிருந்து யாராவது சொல்லவேண்டும்.

அண்டிரிக் அடிகளார் 1547 வாக்கில் இந்தக் கரைக்கு வந்தார். 1548-இல் சபை நிறுவனர் இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில், இலத்தீன் படிப்பதுபோல வினைத்திரிபையும் வேற்றுமையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டு தமிழ் கற்றதைச் சொல்கிறார். இறந்தகாலம் எப்படி, எதிர்காலம் எப்படி, ஏவல் எப்படி என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார். மொழிபெயர்ப்பாளர் தேவை குறைந்துபோயிற்று. உடனிருந்த குருக்களும் தங்களுக்குள் தமிழிலேயே பேசவேண்டும், தவறினால் தண்டனை என்று ஏற்பாடு. போர்த்துக்கீசிய மொழியில் அவர் எழுதிய தமிழ் இலக்கணக் கையெழுத்துப்படி லிஸ்பனில் கிடைத்து, 1982-இல் அச்சேறியது. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடைய தமிழாக்கம். 1586-இல் வந்த ‘அடியார் வரலாறு’ பெரிய நூல். மனப்பாடம் மட்டும் செய்தவரால் அந்த அளவுக்கு எழுதியிருக்க முடியாது.

இப்போது தூத்துக்குடித் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு’, ‘கைண்ட்லி கன்ஃபர்ம்’ எல்லாம் அங்கே எல்லாருக்கும் தெரியும். அது சவேரியார் வழி. முதல் வேலை நாளில் அதுதான் காப்பாற்றும். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. சிக்கல் அடுத்த வரியில் வருகிறது: ‘வி ஹேவ் சென்ட் த டாக்குமென்ட்ஸ் எஸ்டர்டே’. தமிழில் ‘நேற்றே அனுப்பியிருக்கிறோம்’ என்பது பழுதில்லாத வாக்கியம். ஆகவே நம் காதுக்கு ஒன்றும் உறுத்தாது. ஆங்கிலத்திலோ ‘ஹேவ்’ போட்ட வினை, ‘எஸ்டர்டே’ போல முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொல்லோடு சேராது. ‘வி சென்ட்’ என்று எழுதவேண்டும். இல்லையென்றால் ‘எஸ்டர்டே’யை எடுத்துவிடவேண்டும். ‘இஃப் த வெசல் வில் அரைவ் டுமாரோ’ என்பதும் இந்த வகைதான். வரப்போவது நாளைக்கு என்பதால் ‘வில்’ போடக் கை ஓடுகிறது. ஆங்கிலம் அந்த ‘இஃப்’ பகுதியில் நிகழ்கால வடிவத்தையே கேட்கிறது. ‘வில்’ அடுத்த பகுதிக்குப் போகும்.

இடைநிலையில் இருப்பவர்களை மேலும் மேலும் ஆயத்த வாக்கியங்களை மனப்பாடம் செய்யச் சொல்லும் பயிற்சி எனக்கு ஒப்பவில்லை. அவர்களிடம் வாக்கியத்துக்குப் பஞ்சமில்லை, வினை வடிவத்தை மாற்றத் தெரியாததுதான் குறை. ‘கப்பல் வந்தது, வந்திருக்கிறது, வந்துகொண்டிருக்கிறது, வந்தால் சொல்கிறோம், வந்திருந்தால் சொல்லியிருப்போம்’ என்று, அண்டிரிக் வழியில், ஒரே வினையை ஆங்கிலத்தில் ஐந்து வடிவில், தங்கள் அலுவலகச் சரக்கையும் தேதியையும் வைத்தே எழுதிப் பழகவேண்டும். ராய்மண்ட் மர்ஃபியின் ‘இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்’ 1985 முதல் உலகமெங்கும் ஓடும் இலக்கணப் பயிற்சி நூல்; இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி என்பது அதன் அமைப்பு. அதிலுள்ள வாக்கியங்கள் பொதுவானவை. பயிற்சியை முடித்தவுடன், நேற்று தாங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களைத் திறந்து, ஒவ்வொரு வினையின் கீழும் கோடிட்டு, அது எந்தக் காலம், ஏன் அந்தக் காலம் என்று ஓரத்தில் எழுதிப் பார்க்கவேண்டும். காரணம் எழுத முடியாத இடங்களை மட்டும் மேலதிகாரியிடமோ ஆசிரியரிடமோ கொண்டுபோனால் போதும்.