மலாடில் பிறந்த பெயர்

1942-ஆம் ஆண்டில் ஒருநாள், பம்பாய் சர்ச்கேட் ரயில் நிலையத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் தாதர் போகும் வண்டிக்காகக் காத்திருந்தான். பெயர் யூசுப் கான். சொந்த ஊர் பெஷாவர். அப்பாவுக்குப் பழ வியாபாரம், வீட்டிலோ பெரிய குடும்பம். தாதரில் ராணுவத்துக்குக் கட்டில் செய்து கொடுக்கும் ஒருவரைப் பார்த்து ஏதாவது வேலை கேட்கலாம் என்று கிளம்பியிருந்தான். வழியில் எதிர்ப்பட்டார் தெரிந்தவரான டாக்டர் மசானி. மலாடில் இருக்கும் பாம்பே டாக்கீஸ் சினிமா ஸ்டுடியோவுக்குப் போகிறேன், அங்கே முதலாளி அம்மாவை எனக்குத் தெரியும், நீயும் வா என்று கூட்டிக்கொண்டு போனார்.

அந்த முதலாளி அம்மா தேவிகா ராணி.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1933-இல் வந்த 'கர்மா' படத்தின் முத்தக் காட்சியில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. ஐந்து வருடம் ஒரு ஸ்டுடியோவைக் கட்டி மேய்த்த பெண்மணியை வெறும் அழகியாக ஞாபகம் வைத்திருப்பது எந்த ஊர் நியாயம்?

தேவிகா ராணி பிறந்தது 1908-இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த வால்டேரில். அப்பா ராணுவ மருத்துவர். சென்னை மாகாண சர்ஜன் ஜெனரல் பதவிக்கு வந்த முதல் இந்தியர். லண்டனில் படித்து, துணிகளுக்கு டிசைன் போடக் கற்றுக்கொண்ட தேவிகா சினிமாவுக்குள் நுழைந்தது நடிகையாக அல்ல. ஹிமான்சு ராயின் படத்துக்கு அரங்கமும் உடையும் அமைக்கும் வேலைக்கு வந்தார். 1929-இல் அவரையே மணந்துகொண்டு, பெர்லினில் இருவரும் தொழில் பழகினார்கள். 1934-இல் மலாடில் பாம்பே டாக்கீஸ் எழுந்தது. பங்குகள் விற்று, டைரக்டர்கள் குழு வைத்து, கணக்கு வழக்கோடு நடந்த கம்பெனி அது. படம் எடுக்க ஜெர்மனியிலிருந்து பிரான்ஸ் ஆஸ்டன் வந்தார். கேமராவுக்கு ஜோசப் விர்ஷிங்.

யுத்தம் வந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது. 1939-இல் பிரிட்டிஷ் அரசு ஜெர்மானியர்களைப் பிடித்துக் காவலில் வைத்தது. மறுவருடம் மே மாதம் ஹிமான்சு ராய் இறந்துபோனார். தேவிகாவுக்கு அப்போது வயது 32. ஸ்டுடியோவுக்குள் தயாரிப்பாளர் சசாதர் முகர்ஜி ஒரு பக்கம், இயக்குநர் அமிய சக்கரவர்த்தி ஒரு பக்கம் என்று அணி பிரிந்தது. தேவிகா சாவியை யாரிடமும் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை; தானே நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த நாற்காலிக்கு எதிரேதான் யூசுப் கான் போய் நின்றான். நடந்ததைப் பிற்காலத்தில் அவரே தன் சுயசரிதையில் விவரமாகச் சொல்லியிருக்கிறார். தேவிகா கேட்ட முதல் விஷயம் உருது. நன்றாகப் பேசுவானா? பெஷாவர்ப் பையன், அதற்கென்ன குறை. அடுத்து, நடிக்க வருகிறாயா என்று நேராகவே கேட்டார். மாதம் 1250 ரூபாய் சம்பளம் என்றார். நடிப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதே என்று பையன் விழித்தான். பழ வியாபாரம் கற்றுக்கொள்ள எடுக்கும் சிரத்தையை இதில் எடுத்தால் இதுவும் வந்துவிடும் என்றார் தேவிகா.

வசனம் பேசிக் காட்டச் சொல்லாமல், கேமரா முன்னால் நிறுத்திப் பார்க்காமல் ஓர் ஆளை எடுத்துக்கொண்டார். முகத்தையும் பேச்சையும் வைத்தே எடை போடத் தெரிந்த கண் அது. அந்தக் கண் ஒரே நாளில் வரவில்லை. அரங்கம், உடை, நடிப்பு, நிர்வாகம் என்று படிப்படியாக வேலை பார்த்துத் தேறியது.

வீட்டில் 1250 என்றதும் நம்ப ஆளில்லை. ராஜ் கபூருக்கே மாதம் 170 தானே, இது வருடச் சம்பளமாக இருக்கும் என்றார்கள். மசானி மூலம் மறுபடி விசாரித்து, மாதத்துக்குத்தான் என்று உறுதியான பிறகே பையன் வேலையில் சேர்ந்தான்.

பெயர் பிறந்தது அதற்குப் பின்னால். ஒருநாள் தேவிகா கூப்பிட்டு, திரைக்கு உனக்கு வேறு பெயர் யோசித்து வைத்திருக்கிறேன் என்றார். திலீப் குமார். காதல் நாயகனுக்குப் பொருந்தும், எல்லாத் தரப்பு ரசிகர்களுக்கும் பிடிக்கும் என்பது அவர் கணக்கு. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மாற்றியே ஆகவேண்டுமா என்று தயங்கினான் யூசுப். பெற்றவர் வைத்த பெயரை விடுவது சின்ன விஷயமா? மாற்றுவதுதான் புத்திசாலித்தனம் என்று சிரித்தபடியே முடித்துவிட்டார் தேவிகா. ஸ்டுடியோவின் பெரிய ஹீரோ அசோக் குமாரின் உண்மைப் பெயர் குமுத்லால் கங்குலி என்பதை எடுத்துச் சொல்லிச் சசாதர் முகர்ஜி தேற்றினார். பையனுக்கு அதில் ஒரு வசதியும் இருந்தது. சினிமாவை அடியோடு வெறுத்த அப்பாவிடமிருந்து அந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

1943-இல் பாம்பே டாக்கீஸின் 'கிஸ்மத்' வந்து, கல்கத்தா ராக்ஸி தியேட்டரில் மூன்று வருடத்துக்கு மேல் ஓடியது. அதே வருடம் முகர்ஜியும் அசோக் குமாரும் பிரிந்து போய் பிலிமிஸ்தான் என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். இருந்த ஒரே பெரிய ஹீரோ போனபோது, வளர்த்துவைத்த புதுமுகம் தேவிகாவின் கையில் இருந்தது. 1944-இல் அமிய சக்கரவர்த்தி இயக்கத்தில் 'ஜுவார் பாட்டா' வெளியானது. திரையில் திலீப் குமார் என்ற பெயர் வந்த முதல் படம். படம் ஓடவில்லை, விமர்சகர்கள் நாயகனைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

1945-இல் தேவிகா பங்குகளை விற்றுவிட்டு, ரஷ்ய ஓவியர் ஸ்வெதோஸ்லாவ் ரோரிக்கை மணந்து சினிமாவை விட்டே போய்விட்டார். திலீப் குமாருக்கு 'ஜுக்னு' என்ற பெரிய வெற்றி கிடைத்தது 1947-இல்தான். விதைத்தவர் அறுவடையின்போது களத்தில் இல்லை.

தாதாசாகேப் பால்கே விருது தொடங்கியபோது, 1969-க்கான முதல் விருது தேவிகா ராணிக்குக் கிடைத்தது. 1994 மார்ச் மாதம் அவர் பெங்களூரில் காலமானார். அந்த 1994-ஆம் ஆண்டுக்கான பால்கே விருதைப் பெற்றவர் திலீப் குமார்.