புறங்கையில் தெரிந்த சூடு

ரயில்வேயில் வண்டிப் பரிசோதகனாக இருந்த காலத்தில், ரயில் வந்து நின்றதும் ஆக்சில் பாக்ஸ் ஒவ்வொன்றையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். கை பொறுக்காத சூடு என்றால் அது 'ஹாட் ஆக்சில்'. அந்த வண்டியைக் கழற்றி விட்டுத்தான் மற்றவை கிளம்பும்.

ஓய்வு பெற்ற பின் அமெரிக்காவில் மகனிடம் போயிருந்தேன். தெரிந்தவர் ஒருவரின் டிராவல் டிரெய்லரை இரவல் வாங்கி, காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு சுற்றுலா புறப்பட்டோம். கட்டிலும் அடுப்பும் கொண்ட சின்ன வீடு அது. இரண்டு அச்சு, நான்கு சக்கரம். காப்பி குடிக்க நிறுத்திய இடத்தில், பழக்க தோஷம், நான்கு ஹப்பையும் தொட்டேன். மூன்றில் இளஞ்சூடு. நான்காவதில் கை வைக்க முடியவில்லை.

"இதற்கு மேல் போக வேண்டாம்" என்றேன். மகனுக்கு எரிச்சல்தான். பட்டறையில் கழற்றியபோது கிரீஸ் கருகிக் கட்டியாகியிருந்தது. பேரிங் உருளைகள் நீலம் பாரித்திருந்தன. அந்த நிலையில் நெடுஞ்சாலையில் சக்கரமே கழன்று ஓடியிருக்கலாம். காரில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பேரிங்குக்கு நீண்ட கதை உண்டு. வண்டி அச்சில் குண்டு பேரிங் வைக்க 1794-லேயே வேல்ஸ் நாட்டு பிலிப் வாகன் காப்புரிமை பெற்றார். ஆனால் வண்டி வளைவில் திரும்பும்போது பாரம் பக்கவாட்டிலும் அழுத்துமே! அதற்கு வழி கண்டவர் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டி செய்துவந்த ஹென்றி டிம்கன். உருளையைக் கூம்பாக்கிச் சாய்த்து வைத்தார். மேலிருந்து வரும் பாரம், பக்கத்து அழுத்தம் இரண்டையும் அது தாங்கியது. 1898-இல் காப்புரிமை கிடைத்தது. இன்றும் டிரெய்லர் சக்கரங்களில் பெரும்பாலும் இந்தக் கூம்பு உருளைதான், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

அத்தனை உறுதியான பொருள் ஏன் கெடுகிறது? டிரெய்லர் ஆண்டில் பல மாதம் சும்மா நிற்கிறது. சீல் வழியே ஈரம் புகுந்து துரு பிடிக்கிறது, கிரீஸும் கெட்டுப்போகிறது. அதனால்தான் ஆண்டுக்கொரு முறை, அல்லது 12,000 மைலுக்கொரு முறை கழற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, உருளைகளின் இடுக்கெல்லாம் புதுக் கிரீஸ் அடைத்து, சீலையும் மாற்ற வேண்டும். நட்டை இறுக்கியபடியே விட்டுவிடக் கூடாது. தளர்த்தி, விரலால் திருகும் அளவில் நிறுத்திப் புதுக் கோட்டர் பின் போட வேண்டும். அதிக இறுக்கமும் சூட்டைக் கிளப்பும்.

நம் ஊர் வண்டிக்காரர் பயணத்துக்கு முன் இருசுக்கு மை போடாமல் மாட்டைப் பூட்ட மாட்டார். இப்போது என் மகனும் வண்டியை நிறுத்தியதும் முதலில் ஹப்பைத் தொட்டுப் பார்க்கிறான்.